மாஜோங் தாளா, எக்செல்லா, மென்பொருளா? திருப்பணிக்கு எந்தக் கால அட்டவணை உதவும்

திருப்பணிக் குழுவின் முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் மூன்று அட்டவணையோடு வந்தோம். பொருளாளர் மடிக்கணினியைத் திறந்து, எக்செல்லில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டியதைக் காட்டினார். தலைவரின் மகள் கோலாலம்பூரில் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறார். அவர் கேன்ட்புரோஜெக்ட் என்ற மென்பொருளில் போட்டு, ஏ3 தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் எழுதுபொருள் கடையில் வாங்கிய நான்கு மாஜோங் தாளும் (பெரிய வெள்ளைத் தாள்) இரண்டு கட்டு மஞ்சள் ஒட்டுத்தாளும் எடுத்துப் போயிருந்தேன். எதையும் ஒதுக்காமல் எட்டு மாதம் மூன்றையுமே பயன்படுத்தினோம். ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை, குருக்கள் குறித்துக் கொடுத்த அதே முகூர்த்தத்தில், கும்பாபிஷேகம் நடந்தது.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டம். தோட்டத்தில் லயத்துக்குப் பக்கத்தில் இருந்து, பிறகு மக்களோடு சேர்ந்து பட்டணத்துக்கு வந்த கோயில்கள் இந்தப் பக்கம் நிறைய. 12 ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு கோயிலும் இதே வேலையில் இறங்கும். குழுவில் யார் இருப்பார்கள்? ஓய்வுபெற்ற ஆசிரியர், லோரி ஓட்டுநர், மருத்துவமனைத் தாதி, பழைய மண்டோர் (தோட்டத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர்), வாரயிறுதிக்கு மட்டும் ஊருக்கு வரும் பிள்ளைகள். இவர்கள் கையில் எந்த அட்டவணை நிற்கும் என்பதுதான் என் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை செய்கிறவர் தன் கையால் நகர்த்த முடிகிற அட்டவணைதான் மூல அட்டவணையாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

இந்த முடிவுக்கு வரக் காரணம் போன திருப்பணி. 12 ஆண்டுக்கு முன் ஒருவர் மென்பொருளில் மிக அழகாக ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினோம். மூன்றாவது வாரமே சாரம் கட்ட ஆள் வரவில்லை. அட்டவணையைத் திருத்த வேண்டும், ஆனால் திருத்தத் தெரிந்தவருக்கு ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்தத் தாள் ஜூன் வரைக்கும் ஜனவரிக் கணக்கையே சொல்லிக்கொண்டு கண்ணாடிக்குள் இருந்தது. ஆனியில் நடக்க வேண்டிய கும்பாபிஷேகம் ஆவணிக்குத் தள்ளியது. அச்சடித்து வந்த 1,500 அழைப்பிதழில் தேதியை மறைத்துப் புதுத் தேதிச் சீட்டு ஒட்டினோம். மண்டபத் தரையில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தபோது யாருமே பேசவில்லை. அந்த இரவு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பட்டை போட்டுக் காலத்தைக் காட்டும் முறைக்குக் கேன்ட் சார்ட் என்று பெயர். ஹென்றி கேன்ட் (1861-1919) என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் வந்தது. 1910களில் அவர் இதைப் பரப்பினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தளவாட உற்பத்தியிலும் கப்பல் கட்டும் வேலையிலும் பயன்பட்டது. ஆனால் அவருக்கு முன்னாலேயே, 1896ல், போலந்து நாட்டுப் பொறியாளர் கரோல் அடாமியெட்ஸ்கி உருக்கு ஆலை வேலைகளைத் திட்டமிட ஹார்மோனோகிராம் என்று ஒன்றை உருவாக்கிவிட்டார். அவர் போலிஷ், ரஷ்ய மொழிகளில் எழுதியதால் ஆங்கிலம் படிக்கிற உலகத்துக்கு அது எட்டவில்லை. பெயர் கேன்ட்டுக்குப் போனது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அடாமியெட்ஸ்கி பயன்படுத்தியது நகர்த்தக்கூடிய காகிதக் கீற்றுகள். ஒரு வேலை தள்ளினால் கீற்றை நகர்த்துவார். ஒட்டுத்தாளோடு நான் போனபோது இது எனக்குத் தெரியாது. பிற்பாடு படித்தபோது ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

புலனத்தில் ஒரு பட்டியல்

பெரும்பாலான குழுக்கள் இதைத்தான் செய்கின்றன. புலனக் குழுவில் (வாட்சாப்பை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்) செயலாளர் ஒரு பட்டியல் போடுவார்: இன்ன வேலை, இன்ன தேதிக்குள், இன்னார் பொறுப்பு. அன்னதானம், கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் வேலை) மாதிரி ஒரு நாள் வேலைக்கு இது போதும். எட்டு மாத வேலைக்குப் போதாது. இரண்டு நாளில் பட்டியல் பிறந்தநாள் வாழ்த்துக்கும் காலை வணக்கத்துக்கும் கீழே புதைந்துபோகும். அதைவிடப் பெரிய குறை, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. வண்ணக்காரர் தன் தேதியைப் பார்த்து வந்து நிற்பார்; சுதை (கோபுரத்தில் சாந்தால் செய்யும் சிற்ப வேலை) ஈரமாக இருக்கும்.

ஒட்டுத்தாளோடு ஒரு மாலை

எந்த அட்டவணையாக இருந்தாலும் இதைச் செய்யாமல் பட்டை போடக் கூடாது என்பேன். ஒரு மாலை எல்லாரும் உட்கார்ந்து, வேலைக்கு ஓர் ஒட்டுத்தாள் என்று எழுதி, எது முடிந்தால் எது தொடங்கும் என்று மேசையில் வரிசை பிடிக்க வேண்டும். தேதி எழுதவே கூடாது. வரிசை மட்டும்.

எல்லாரும் முதலில் எழுதியது 'சாரம் கட்டுதல்'. கண்ணுக்குத் தெரிகிற முதல் வேலை அதுதானே. அப்புறம் பழைய பூச்சைச் சுரண்டிப் பழுது பார்த்தல், சுதை வேலை, காய்தல், வண்ணம், சாரம் பிரித்தல், தரை ஓடு, யாகசாலை. எங்கள் குழுவில் ஒரு பழைய மண்டோர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “தம்பி, கன்னு எங்கே இருக்கு?”

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். செம்பனைத் தோட்டத்தில் மறுநடவு என்றால் பழைய மரத்தைச் சாய்ப்பதில் வேலை தொடங்காது. நடுகிற கன்று நர்சரியில் ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்ந்திருக்க வேண்டும். கன்றைப் போட்டுவைக்காமல் மரத்தைச் சாய்த்தால் நிலம் வெறுமனே கிடக்கும், புல் மண்டும், அப்புறம் அதை அழிக்க வேறு செலவு. நட்ட பிறகும் முதல் குலை வெட்ட இரண்டரை, மூன்று வருஷம். அதனால் துரை (தோட்ட மேலாளர்) மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நர்சரியைப் பார்ப்பார். “சாரம் கட்டிடலாம். ஏறி நின்னு சுதை போடுறவங்க வந்துட்டாங்களா?”

சிற்பிகள் தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும். குடிநுழைவுத் துறையில் வேலை அனுமதி வாங்க வேண்டும். அதை நாங்கள் ஒட்டுத்தாளில் எழுதவே இல்லை. அது காகித வேலை, யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு.

எழுதி வைத்ததும் முழுக் கணக்கும் மாறிப்போனது. சாரம் 1 வாரம், சுரண்டிப் பழுது பார்க்க 3, சுதை 10, காய 4, வண்ணம் 5, சாரம் பிரிக்க 1, தரை ஓடு 2, யாகசாலை 1. மொத்தம் 27 வாரம் என்றுதான் நினைத்திருந்தோம். அனுமதிக்கு 12 வாரம் என்று வைத்தால், சுதை வேலை பதின்மூன்றாவது வாரத்தில்தான் தொடங்க முடியும். சாரமும் சுரண்டலும் அந்த 12 வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆக மொத்தம் 12, 10, 4, 5, 1, 2, 1 என்று 35 வாரம். ஜூன் கடைசியிலிருந்து பின்னால் எண்ணினால் அக்டோபர் கடைசி வாரம். எங்கள் கூட்டம் நடந்தது அக்டோபர் நடுவில். அந்தக் கேள்வியை மண்டோர் கேட்காமல் இருந்திருந்தால் டிசம்பரில் சாவகாசமாகத் தொடங்கியிருப்போம்.

ஒரு நாள் தள்ளினால் முடிவும் ஒரு நாள் தள்ளுகிற வேலைகளின் சங்கிலியைத்தான் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள். 1957ல் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் இந்தக் கணக்கு முறையை உருவாக்கின. ரசாயன ஆலைகளைக் கட்டுவதையும் பராமரிப்பதையும் திட்டமிட அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. எங்கள் சங்கிலியின் முதல் கண்ணி ஒரு விண்ணப்பப் படிவம். சாரத்துக்கோ 8 வாரம் கையிருப்பு இருந்தது. அதை முதல் வாரத்திலேயே கட்டியிருந்தால், ஆள் ஏறாத சாரத்துக்கு இரண்டு மாத வாடகை கொடுத்திருப்போம். ஒன்பதாவது வாரத்துக்குத் தள்ளினோம்.

அனுமதிக்கு 12 வாரம் என்ற எண் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1958ல் அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று காலம் கேட்பார்கள். எல்லாம் சரியாகப் போனால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, எல்லாம் கெட்டுப்போனால் எவ்வளவு. வழக்கத்தை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். முன்பு இப்படி ஆள் வரவழைத்த இரண்டு கோயில்காரர்களைக் கேட்டோம். சரியாகப் போனால் 8 வாரம், வழக்கமாக 11, கெட்டுப்போனால் 20 என்றார்கள். 8, 44, 20 கூட்டினால் 72. ஆறால் வகுத்தால் 12. 'வழக்கமா 11 வாரம்ணே' என்ற பேச்சை மட்டும் நம்பியிருந்தால் ஒரு வாரம் ஏமாந்திருப்போம். எல்லா வேலைக்கும் இது தேவையில்லை. நம் கையில் இல்லாத வேலைகளுக்கு மட்டும் கேட்டால் போதும்.

மாஜோங் தாள்

பள்ளிக்கூடத்தில் குழுவேலைக்குப் பயன்படுத்தும் அதே பெரிய வெள்ளைத் தாள்தான். நான்கைப் பக்கவாட்டில் ஒட்டி, மண்டபச் சுவரில், செருப்பு விடும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டினேன். உள்ளே வருகிற யாரும் அதைப் பார்க்காமல் போக முடியாது. மேலே 35 வாரத்துக்கு 35 பத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. இடப்பக்கம் வேலைகள். பட்டைக்குப் பென்சிலில் கோடு போடவில்லை. நிற அட்டையைக் கீற்றாக வெட்டி, இரண்டு முனையிலும் நீலப் பசைக்களிமண் வைத்து ஒட்டினேன். சுவரிலிருந்து பெயர்த்துப் பக்கத்தில் ஒட்ட இரண்டு விநாடி போதும்.

வாரங்களுக்கு மேலே இன்னொரு வரிசை விட்டோம். எனக்கு அந்த வரிசைதான் முழு அட்டவணையிலும் பெரிய விஷயம். அதில் ஊரின் காலம். மேற்குக் கரையில் நமக்கு மழை அதிகம் அக்டோபர் - நவம்பரிலும் ஏப்ரல் - மே மாதத்திலும். அந்த வாரங்களுக்கு நீல நிறம். தீபாவளி வாரத்தில் எந்த விண்ணப்பமும் நகராது. தைப்பூசத்துக்கு முன் குழுவில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள், பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலில் காவடியோடு நிற்பார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஹார்ட்வேர் கடை மூடினால் சிமெண்ட், கம்பி, ஆணி எதுவும் வராது. நோன்புப் பெருநாள் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்வதால் போன திருப்பணியின் அட்டவணையை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. கடைசியில், ஜூன் ஞாயிறுக்கு அடுத்து சிவப்புக் கோடு. எங்கள் கோயிலுக்குப் பொருந்துகிற முகூர்த்தம் அதற்குப் பிறகு ஆனியில் இல்லை, ஆடி பிறந்துவிடும், அடுத்தது ஆவணிதான். ஒரு வாரம் தவறினால் இரண்டு மாதம் போய்விடும்.

அந்த நீல வாரங்கள் எங்கே விழுகின்றன என்று பார்த்தபோது அடிவயிறு கலங்கியது. வண்ணப் பட்டை ஏப்ரல் கடைசியிலிருந்து மே கடைசி வரை, முழுக்க மழைக்குள் உட்கார்ந்திருந்தது. எக்செல்லிலும் இருந்தது, அச்சிட்ட ஏ3 தாளிலும் இருந்தது. ஆனால் அங்கே வாரத்துக்கு எண் மட்டும்தான், மழை இல்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. மின்விசிறிக் காற்றுக்குக் கீற்று விழும். ஒரு முறை ஒரு சின்னப் பையன் தரை ஓட்டுக் கீற்றை எடுத்து விளையாடிவிட்டான். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கைப்பேசியில் படம் எடுத்துப் புலனத்தில் போட்டோம். வெளியூரில் இருப்பவர்களுக்கும் அதுவே செய்தி. எட்டு மாதத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தால் எந்த வேலை எத்தனை முறை தள்ளியது என்பதும் தெரியும். கூட்டல் கழித்தல் மட்டும் தாள் செய்யாது. ஒரு கீற்றை நகர்த்தினால் அதற்குப் பின்னால் உள்ளவற்றை நாமே ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். இருபது வேலை வரை சமாளிக்கலாம், அறுபது என்றால் முடியாது.

எக்செல்

பொருளாளர் அண்ணன் முதலில் போட்டது கையால் நிறம் தீட்டிய கட்டங்கள். சாரம் ஒன்பதாவது வாரத்துக்குப் போனதும் முழு இரவு உட்கார்ந்து மறுபடி தீட்டினார். இப்படிச் செய்யவே வேண்டியதில்லை. தொடக்க நாள், எத்தனை நாள் என்று இரண்டு பத்தி வைத்து, 'முந்தைய வேலை முடிந்த மறுநாள்' என்று சூத்திரம் எழுதிவிட்டால் தேதிகள் தாமாக மாறும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டால் கட்டங்களும் தாமாக நிறம் பிடிக்கும். தலைவரின் மகள் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தார்.

அப்போதும் அதை மூல அட்டவணையாக வைக்க முடியவில்லை. 35 பத்தி கைப்பேசித் திரையில் தெரியாது. பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது இடப்பக்கம் எந்த வேலை என்பது மறந்துபோகிறது. கூகுள் ஷீட்ஸில் பகிர்ந்து பார்த்தோம். திறந்து பார்த்தவர்கள் மூன்று பேர்.

பணத்துக்கு மட்டும் எக்செல்லை விட்டால் ஆளே இல்லை. சிற்பிக்கு முன்பணம் எப்போது, வண்ணத்துக்கு எப்போது, அந்த மாதம் கையில் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) இருக்கும் என்பதை அதே வார வரிசையில் கீழே போட்டார். மார்ச்சில் ஒரு பள்ளம் தெரிந்தது. சுதைக் கூலியும் வண்ணத்துக்கான முன்பணமும் ஒரே மாதத்தில் விழுந்தன. அதை ஜனவரியிலேயே பார்த்துவிட்டதால் உபயக்காரர்கள் இருவரிடம் போய், கொடுக்க நினைத்ததைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுக்க முடியுமா என்று கேட்க நேரம் கிடைத்தது. சுவர்த் தாளில் இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

மென்பொருள்

மைக்ரோசாஃப்ட் புரோஜெக்ட் 1984லிருந்து இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டும். கேன்ட்புரோஜெக்ட், புரோஜெக்ட்லிப்ரே இரண்டும் இலவசம். நம் மாதிரி வேலைக்கு இலவசமே தாராளம். மூன்று விஷயத்தில் இவற்றைத் தாளோ எக்செல்லோ எட்ட முடியாது. ஒரு வேலையை நகர்த்தினால், சூத்திரம் எதுவும் எழுதாமலேயே, அதைச் சார்ந்த எல்லாம் நகரும். கிரிட்டிக்கல் பாத்தைத் தானே வேறு நிறத்தில் காட்டும். முதலில் போட்ட திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இன்றைக்கு எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று பக்கத்தில் காட்டும்.

எங்களுக்கு அது சரியாக இரண்டு முறை உதவியது. அதில் ஒன்று, அனுமதி ஒரு வாரம் தாமதமாகும் என்று டிசம்பர் கடைசியில் தெரிந்ததும் தலைவரின் மகளுக்கு அழைத்தோம். கோலாலம்பூரில் இருந்தபடியே பத்து நிமிஷத்தில் என்னென்ன நகரும் என்று சொல்லிவிட்டார். ஆனால் மென்பொருள் கும்பாபிஷேகத் தேதியும் ஜூலை முதல் ஞாயிறுக்கு நகர்ந்துவிட்டதாகக் காட்டியது. அதற்கு எல்லா ஞாயிறும் ஒன்றுதான், முகூர்த்தம் தெரியாது. முடிவு நாளை நகராதபடி பூட்டிவைத்து, அதிலிருந்து பின்னால் எண்ணச் சொல்ல வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே செய்யாவிட்டால் அது தானாக ஆடிக்குள் போய் நிற்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, அதற்கு ஒரு ஆள் வேண்டும். வாரா வாரம் உட்கார்ந்து நடந்ததை உள்ளே போடுகிற ஒரே ஆள். எங்களுக்கு அந்தப் பிள்ளை இருந்தார், பொறுமையாகவும் இருந்தார். அவர் இல்லாத குழு மென்பொருளில் தொடங்கினால், 12 ஆண்டுக்கு முன் கண்ணாடிக்குள் நாங்கள் பூட்டி வைத்த தாள்தான் மறுபடி வரும்.

மூன்று நிலை, மூன்று கீற்று

மூன்று அட்டவணையிலும் எங்களுக்கு எது வென்றது என்பதை முடிவு செய்தது ஒரு தேநீர் நேரம். சிற்பிகள் வந்து சேர்ந்த இரண்டாம் நாள், ஸ்தபதி கையில் தே தாரிக் கோப்பையோடு சுவர்த் தாளுக்கு முன்னால் வந்து நின்றார். வண்ணக் கீற்றைக் காட்டி இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“மழையில எதுக்கு வச்சீங்க?”

“சுதை முடியணும், காயணும், அப்புறம்தானே ஐயா வண்ணம்?”

“மொத்தமும் எதுக்கு முடியணும்? மேல் நிலைய முடிச்சுட்டுத்தான் கீழ இறங்குவோம். கீழ வேலை நடக்கும்போது மேல காஞ்சுக்கிட்டு இருக்கும்.”

கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, அவரே சுதைக் கீற்றைப் பெயர்த்து எடுத்தார். கத்தரிக்கோல் கேட்டார். மூன்றாக வெட்டினார். மேல் நிலை, நடு நிலை, கீழ் நிலை. காய்தலையும் வண்ணத்தையும் அப்படியே மூன்று மூன்றாக வெட்டிப் படிக்கட்டு மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினார். மேல் நிலைக்கு வண்ணம் தீட்டத் தொடங்கும்போது கீழ் நிலையில் சுதை நடந்துகொண்டிருக்கும். கடைசியாகக் காய்வது கீழ் நிலை மட்டும். அதற்கு வண்ணம் இரண்டு வாரம். ஐந்து வாரம் மழைக்குள் இருந்த வண்ணத்தில் இரண்டு வாரம்தான் மிச்சம். முழுத் திட்டத்தில் மூன்று வாரம் மீந்தது.

அந்த மூன்றில் ஒன்றை அனுமதித் தாமதம் சாப்பிட்டது. மே மாதத்தில் தொடர்ந்து சாயங்கால மழை பெய்து இன்னொரு வாரம் போனது. கடைசி ஒரு வாரத்தை யாகசாலைக்கு முன் கழுவித் துடைக்கவும் மின்விளக்குச் சரி பார்க்கவும் வைத்துக்கொண்டோம்.

மென்பொருளிலும் ஒரு வேலையை மூன்றாகப் பிரிக்கலாம், எக்செல்லிலும் பிரிக்கலாம். ஆனால் பிரிக்க முடியும் என்று தெரிந்த ஆள் அவற்றின் முன்னால் உட்காரவே மாட்டார். அவர் தேநீர் குடிக்க வருகிற இடத்தில் இருந்தது சுவர்த் தாள்.

அடுத்த மூன்று வாரம்

ஜனவரிக்குப் பிறகு ஒன்று புரிந்தது. 35 வாரத் தாளைப் பார்த்து யாரும் நாளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பதில்லை. அதனால் ஞாயிறுதோறும் பசியாறிய பிறகு, அடுத்த மூன்று வாரத்துக்கு மட்டும் ஒரு சின்னப் பட்டியல் எழுதினோம். ஒரு விதி வைத்தோம்: பொருள், ஆள், இடம் மூன்றும் தயார் என்று சொல்ல முடியாத வேலையை அடுத்த வாரத்துக்குள் எழுதக் கூடாது. கட்டுமானத் துறையில் லாஸ்ட் பிளானர் என்று இதற்கு ஒரு முறையே இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் கிளென் பாலார்டும் கிரெக் ஹோவெலும் வளர்த்தது. ஓடு ஈப்போவிலிருந்து லோரியில் ஏறிவிட்டது என்று கடைக்காரர் வாயால் சொன்ன பிறகுதான் 'தரை ஓடு' பட்டியலுக்குள் வந்தது. புலனத்தில் போட வேண்டியது இந்தச் சின்னப் பட்டியலைத்தான்.

வேறு வேலை என்றால்

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம், மாவட்ட மன்றத்தின் அனுமதி, பொறியாளர், குத்தகையாளர் என்று போனால் கதை வேறு. அங்கே குத்தகையாளரிடமே கேன்ட் சார்ட் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கும்போது வேலைகளுக்கு இடையே அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அம்பில்லாத பட்டைகள் என்றால் நிறம் தீட்டிய படம்தான். ஒன்று தள்ளினால் எது தள்ளும் என்று கேட்க முடியாது. மாதம் ஒரு முறை திருத்திய அட்டவணை தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். அப்போதும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தன் வேலையை, அதாவது பணம் திரட்டுவது, பிள்ளைகளை மாற்று வகுப்பில் உட்காரவைப்பது, இதையெல்லாம் ஒரு மாஜோங் தாளில் போட்டுக்கொண்டால் நல்லது.

கும்பாபிஷேகம் முடிந்து இப்போது 48 நாள் மண்டலாபிஷேகம் நடக்கிறது. இதற்குப் பட்டை ஒத்துவரவில்லை, ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்தின் உபயம் என்பதால் நீளம் எதற்குமே இல்லை. பழைய தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏழு பத்தி ஏழு வரிசை போட்டோம். 49 கட்டம், ஒன்று மிச்சம். மண்டோர் தினமும் காலையில் வந்து முடிந்த நாளின் கட்டத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டு, நாளைய குடும்பத்துக்கு அழைத்துப் பால் எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்.